நாகஸ்வரமும் ஜீவனமும்

வாத்திய சங்கீதத்தைப் பற்றிப் பேசுகிற இடங்களிலெல்லாம் ஓர் அபிப்பிராயம் வெகுகாலமாக நிலவி வருகிறது. மனமகிழ்ச்சிக்காக வீணையையோ வயலினையோ கையில் எடுப்பவர் கலையைக் கலைக்காகவே போற்றுகிறவர் என்றும், சம்பளத்துக்கும் சன்மானத்துக்கும் வாசிப்பவர் ஜீவனத்தை முன்னிட்டுக் கலையைக் குறுக்கிக்கொள்ள நேர்ந்தவர் என்றும், ஆகவே உயர்ந்த சங்கீதம் ஓய்வுள்ள இடத்தில்தான் விளையும் என்றும் அது கூறும். உத்தியோகம் ஒன்று, சங்கீதம் மற்றொன்று என்று வாழ்க்கையைப் பகுத்துக்கொண்ட நகரத்தாருக்கு இந்த எண்ணம் இயல்பானதுதான். ஆனால் காவேரிப் படுகையில் சில நூற்றாண்டுகளாக வளர்ந்து, ராக ஆலாபனையின் விஸ்தாரத்தில் வாய்ப்பாட்டுக்கே வழிகாட்டி நின்ற நாகஸ்வரத்தின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பவருக்கு இந்த எண்ணம் நிலைகொள்ளாது. அந்த வாத்தியத்தைப் பொழுதுபோக்காக வாசித்தவர் என்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்கூடக் கிடையாது. அது தோற்றம் முதல் தொழிலாகவே இருந்தது. அதன் இலக்கணம், அதன் அவகாசம், அதைக் கேட்டுத் தரம் பிரித்துச் சொல்லும் ரசிகர் கூட்டம் ஆகிய மூன்றையும் அதற்கு அளித்தது அந்தத் தொழிலின் கடமைகளேயன்றி வேறெதுவும் அன்று என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

வாத்தியக்காரரை ஊழியராகக் கருதும் வழக்கம் நம் நாட்டில் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் (985–1014) அக்கோயிலில் பணிபுரிய நியமித்தவர்களின் பட்டியல் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கென்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், கானம் பாடுவோர், வங்கியம் ஊதுவோர், உடுக்கை கொட்டுவோர், வீணை வாசிப்போர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் அதே சாசனம், எவ்விதத் தயக்கமுமின்றிக் குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் ஆகியோரையும் அதே பட்டியலில் அதே நெற்கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெட்டுப் பிடாரரும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரும் ஏற்பட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் பெற்றார்கள் என்பது இன்னொரு சாசனத்தால் தெரிகிறது. இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தொகையன்று. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ தேசாந்தரம் போனாலோ என்ன செய்வது என்று அரசன் எழுதிவைத்த ஏற்பாடுதான். அவருக்கு அடுத்த முறையுடையவர் அந்தப் பங்கைப் பெற்று அப்பணியைச் செய்யவேண்டும்; அவருக்கு அதற்கான யோக்கியதை இல்லையானால் யோக்கியதை உள்ள ஒருவரைக்கொண்டு செய்விக்கவேண்டும். வம்சபாத்தியதையை ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் தகுதியையும் வற்புறுத்தும் இந்தச் சட்டத்தின் நிழலில்தான் பின்னர் வந்த கோயில் மேளம் முழுவதும் வளர்ந்தது.

நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம் கோயிலில் நிலைபெற்ற பிறகு, முறைகாரர் என்ற பெயரால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதத்தில் இத்தனை நாள் என்று கைங்கரியம் பங்கிடப்பட்டது. அதற்கு ஈடாக மானிய நிலம், மனை, உத்ஸவ காலத்தில் பட்டுப்பரிவட்டம், பிரசாதம் ஆகியவை வழங்கின. கடமைகளோ மிகத் துல்லியமானவை. விடியலில் பூபாளம், பௌளி. அந்திக்காலத்தில் பூர்விகல்யாணியும் கல்யாணியும். பள்ளியறைச் சேவையில் நீலாம்பரி என்று வேளைக்கேற்ற ராகங்கள் வகுக்கப்பட்டிருந்தன. அபிஷேக தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேர் நகரும்போது தேர் மல்லாரி, சுவாமி புறப்படும்போது புறப்பாட்டு மல்லாரி என்று ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனி உருப்படி இருந்தது. சாகித்தியமே இல்லாமல், பெரும்பாலும் கம்பீரநாட்டையில், லய வின்யாசங்களையே உயிராகக் கொண்டு அமைந்த இந்த மல்லாரியைக் கேட்டமாத்திரத்தில், தெருக்கோடியில் இருப்பவருக்குக்கூடக் கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்பது விளங்கிவிடும். சாசுவதமான கட்டளைகளுக்கு உட்பட்ட இப்படிப்பட்ட உத்தியோகத்தில் கற்பனைக்கு எங்கே இடம் என்று கேட்கத் தோன்றும். விடை, சுவாமி கோயில் வாசலைத் தாண்டி வீதிக்கு வந்த பிறகு கிடைக்கிறது.

சிதம்பரத்திலோ திருவாரூரிலோ பெரிய உத்ஸவங்களின் இராப் புறப்பாடு எப்படி நடந்தது என்பதை அறிந்தவர் இதை எளிதில் உணர்வர். வாகனத்தின்மேல் எழுந்தருளிய மூர்த்தியைச் சுமந்துகொண்டு ஸ்ரீபாதம் தாங்கிகள் நாலு வீதியையும் சுற்றிவர இரவின் பெரும்பகுதி பிடிக்கும். ஒவ்வொரு மண்டகப்படியிலும், ஒவ்வொரு முடுக்கிலும் ஊர்வலம் நிற்கும். நிற்கும் நேரமெல்லாம் மேளக்காரருடையது. மல்லாரி ஓய்ந்ததும் ராகம் தொடங்கும். அவசரப்படுத்த ஒருவருமில்லை, அவசரப்பட்டால் ஊர்வலமே முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடும். சங்கராபரணத்தையோ காம்போதியையோ தோடியையோ எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்வரத்தில் நின்று அதன் சுற்றுப்புறம் முழுவதையும் ஆராய்ந்து, பிறகு அடுத்த ஸ்வரத்துக்கு ஏறி, இவ்வாறு ஒரு வீதியின் நீளத்துக்கு ஒரே ராகத்தை விரித்துக்கொண்டு போவதற்குத் தேவையான அவகாசத்தை எந்தச் சபையும் எந்த ஜமீன்தாரும் அளித்ததில்லை. அதை அளித்தது சுவாமி புறப்பாடு என்னும் கடமை. ராகத்துக்குப் பின் ரக்தி, பல்லவி, அப்பால் கீர்த்தனம், பதம், திரும்பி வருகையில் ஓடம் என்று ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டாலும் பொதுவான ஒரு கிரமம் இருந்தது. வார்த்தையே இல்லாமல் மிச்ரசாபு நடையில் அமைந்த ரக்தி மேளத்தைச் செம்பனார்கோயில் ராமசாமி பிள்ளையின் வம்சத்தார் தங்கள் குடும்பச் சொத்தாகவே பேணி வந்தனர். நீண்ட இரவின் நடுவே, களைத்துப்போன கூட்டத்தை லயத்தினாலேயே விழித்திருக்கச் செய்யவேண்டிய அவசியத்திலிருந்துதான் இப்படிப்பட்ட உருப்படி உண்டாகியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடமை அவகாசத்தை அளித்ததுபோலவே கல்வியையும் அளித்தது. பழைய கோஷ்டியில் இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம் போடுபவர் ஆகியோருடன் ஒத்து ஊதுபவர் ஒருவரும் இருப்பார். ஒத்து என்பது நாகஸ்வரத்தின் உருவமே கொண்டது. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் மட்டும் அதில் கிடையா. ஆதார சுருதி ஒன்றையே இடைவிடாது ஒலித்துக்கொண்டிருப்பது அதன் வேலை. குருகுலவாசம் செய்யும் சிறுவனிடம் முதலில் ஒப்படைப்பது இந்த ஒத்தைத்தான். மூக்கால் மூச்சை உள்ளே வாங்கிக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் வெளியே செலுத்தும் வித்தையை அவன் இதிலேயே கற்றுக்கொள்கிறான். அதைவிட முக்கியமாக, தானே பிடித்துக்கொண்டு நிற்கும் ஷட்ஜத்தின்மேல் தன் ஆசிரியர் இரவு முழுவதும் கட்டியெழுப்பும் ராகத்தை ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டு வருகிறான். இப்படிச் சில வருஷங்கள் கழித்தவனுக்கு, விடியற்காலைச் சாதகத்தில் துத்தகாரமும் தன்னகாரமும் விரலடியும் பழகும்போது, எதை நோக்கிப் பழகுகிறோம் என்பது முன்பே காதில் இருக்கும். சுருதிப்பெட்டி வந்தபோது செலவும் ஓர் ஆளின் சுமையும் குறைந்தன என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்; அந்த ஆளோடு மாணாக்கனின் முதல் ஆசனமும் போயிற்று என்பதை அப்போது கவனித்தவர்கள் அதிகமில்லை.

இனி வாத்தியத்தையே பார்ப்போம். ஆச்சா மரத்தைக் கடைந்து, மேலே குறுகிக் கீழே அகன்ற கூம்பாகத் துளைத்த உலவு. அதன் அடியில் ஒலியை விரித்துக் கொடுக்கும் அணசு. தலையில் உலோகத்தாலான கெண்டை. கெண்டையின்மேல் பொருத்திய சீவாளி. இவ்வளவுதான் நாகஸ்வரம். கும்பகோணத்துக்கும் மாயூரத்துக்கும் இடையில் ஆடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டையில் இதைச் செய்யும் ஆசாரிகள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். பச்சை மரம் காலப்போக்கில் பிளந்தும் வளைந்தும் சுருதியைக் கெடுக்குமாதலால், இடித்த பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்கி அவற்றிலிருந்தே கடைவது அவர்கள் வழக்கம். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல்கள் ஆளும் துளைகள் ஏழு. அவற்றின் கீழும் பக்கங்களிலும் மேலும் ஐந்து துளைகள் உண்டு. மெழுகால் அவற்றைக் கூட்டியும் குறைத்தும் அடைத்துச் சுருதியைத் திருத்திக்கொள்வார்கள். ஏழு துளைகளில் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் அவற்றுக்கிடையேயுள்ள கமகங்களும் எப்படிப் பிறக்கின்றன என்றால், விரலைப் பாதி திறந்தும், உதட்டின் பிடியைத் தளர்த்தியும் இறுக்கியும், மூச்சின் வேகத்தை மாற்றியும்தான். மெட்டுக்கள் வைத்த வீணையில் ஸ்வரத்தின் இருப்பிடமாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே அது வாசிப்பவரின் தேகத்துக்குள் இருக்கிறது.

சீவாளியின் கதை தனிக் கதை. ஆற்றங்கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை அறுத்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, நெடுநாள் பக்குவப்படுத்திய பிறகு நறுக்கி, நூலால் கட்டி உருவாக்கும் இந்தச் சிறு பொருளில் திருவாவடுதுறைக் கைத்தேர்ச்சிக்குத் தனிப் பெயர் உண்டு. நல்ல சீவாளி கிடைத்துவிட்டால் வித்வானுக்கு அன்று பாதிக் கச்சேரி முடிந்தமாதிரி; கெட்ட சீவாளி எவ்வளவு பெரிய மேதையையும் காலை வாரிவிடும். ஈரம் குறைந்தால் அடைத்துக்கொள்ளும், மிகுந்தால் குழறும். ஆகையால் நாகஸ்வரத்தின் கழுத்தில் மாற்றுச் சீவாளிகளும், அவற்றைச் சீர்செய்யும் ஊசியும் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். திறந்த வெளியில், தவில் இரண்டின் முழக்கத்துக்கு நடுவே, ஊர்க்கோடிவரை கேட்கவேண்டும் என்பதற்காகவே அமைந்த கருவியாதலால், வீட்டுக்குள் இதை மெதுவாக வாசிப்பதென்பது நடவாத காரியம். கொஞ்சம் தெரிந்துகொண்டு கொஞ்சம் வாசிக்கும் வசதியும் இதில் கிடையாது; நாதம் பிடிபடுவதற்கே வருஷங்கள் ஆகும். பொழுதுபோக்குக்காரர் இதை நாடாததற்கு இந்தக் காரணங்களே போதுமானவை.

போதுமானவைதாம் என்றாலும், இவற்றைவிடக் கொடிய காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தவரின் ஜாதி எது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே வேறு ஜாதியார் அதைத் தொடுவதற்குக் கூசினர். பிற்காலத்தில் இசை வேளாளர் என்ற பெயர் பெற்ற சமூகத்தாரும், சில பிரதேசங்களில் மருத்துவர் சமூகத்தாரும் இதை வம்சத் தொழிலாகக் கொண்டிருந்தனர். அவர்களுடைய சங்கீதத்தை விடியவிடியக் கேட்டு மெய்ம்மறந்த அதே பிரபுக்கள், அவர்கள் சட்டையில்லாமல், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடி வாசிக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கலாமா கூடாதா என்பதே 1930-களை ஒட்டிய காலத்தில் செட்டிநாட்டுப் பக்கம் பெரிய சச்சரவாகி, சுயமரியாதை இயக்கத்தார் வித்வானின் பக்கம் நின்று வாதாடவேண்டியதாயிற்று. கோயில் மானியம் சங்கீதத்துக்கு அவகாசம் கொடுத்தது என்று நான் சொல்வதால், அந்த ஏற்பாடு முழுவதையும் பொற்காலமென்று போற்றுவதாக யாரும் கொள்ளவேண்டாம். கலைக்கு மரியாதையும் கலைஞனுக்கு அவமரியாதையுமாக அது நடந்தது. அந்த வாழ்விலிருந்து தம் பிள்ளைகள் தப்பித்துப் பள்ளிக்கூடத்துக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் போகவேண்டும் என்று விரும்பிய தகப்பன்மாரைக் குறைசொல்ல நமக்கு உரிமை கிடையாது.

வீணையின் சரித்திரம் இதற்கு நேர் எதிரான பாதையில் சென்றது. அரண்மனையிலும் ஆசாரமான இல்லங்களிலும் வாசிக்கப்பட்ட அது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்து மத்தியதர வகுப்பாரின் வீடுகளில், குறிப்பாகப் பெண்களின் கல்வியில், ஓர் அங்கமாயிற்று. அதற்கு அச்சுப் புத்தகம் பேருதவி செய்தது. எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி போன்ற பெருநூல்களும், அவற்றுக்குப்பின் மலிவாக வந்த ஸ்வரப்படுத்திய சிறு புத்தகங்களும், ஆசிரியர் வாராத நாளிலும் வீட்டில் உட்கார்ந்து ஒரு கீர்த்தனத்தைத் தட்டித்தடவிக் கற்றுக்கொள்வதைச் சாத்தியமாக்கின. இவ்வாறு கற்றவர்களில் வித்வாம்சினிகளானவர் மிகச் சிலரே. எனினும் எஞ்சியவர்கள் வீணாகிவிடவில்லை. அவர்களே டிக்கெட் வாங்கி முன் வரிசையில் அமர்ந்து, எந்த மெட்டில் எந்தக் கமகம் எவ்வளவு கடினம் என்பதை விரலறிவால் உணர்ந்து கேட்கும் ரசிகர்களானார்கள். நாகஸ்வரத்துக்கு அப்படிப்பட்ட ரசிகர் ஒருவரும் இருந்ததில்லை. அதன் ரசிகர் வேறு விதமானவர்: கோயில் வீதியில் குடியிருந்த காரணத்தாலேயே, விரும்பினும் விரும்பாவிடினும் நாள்தோறும் கேட்டுக் கேட்டு, நேற்றைய காம்போதிக்கும் இன்றையதற்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்துகொண்ட தானியக்கடைக்காரரும் சமையற்காரரும் வண்டிக்காரருமே அவர்.

இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று அறியாதவை என்றும் சொல்லிவிட முடியாது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கீர்த்தனங்களைப் பரப்பிய சாத்தனூர் பஞ்சு ஐயரிடம் வீணை தனம்மாளும் (1867–1938) பாடம் கேட்டார். திருப்பாம்புரம் நாகஸ்வர வித்வான் நடராஜசுந்தரம் பிள்ளையும் கேட்டார். சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் மிகச் சிலர் கேட்க, மூச்சு விடும் சத்தமும் இடையூறாகத் தோன்றும் நிசப்தத்தில் தனம்மாள் வாசித்தார். அதே பாடாந்தரத்தைத் திருப்பாம்புரத்தார் உத்ஸவக் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே வாசித்தனர்; நடராஜசுந்தரம் பிள்ளையோ 1936-இல் தீக்ஷிதர் கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தி அச்சிட்டும் வெளியிட்டார். திருவீழிமிழலைச் சகோதரர்கள் கீர்த்தனங்களை நாகஸ்வரத்தில் வாய்ப்பாட்டின் தெளிவோடு வாசித்துப் பெயர் பெற்றனர். ஆயினும் கீர்த்தனத்தை அச்சிடலாம். வீதி நீள ராகத்தை எந்தப் புத்தகத்தில் அச்சிடுவது? தொழிற்குடும்பத்தின் அந்தரங்கச் செல்வம் அச்சுக்கு அடங்காத பகுதியிலேயே இருந்தது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் (1898–1956) பற்றிச் சொல்லாமல் நாகஸ்வரத்தைப் பற்றி எழுதிவிட முடியாது. அவரைப் பற்றி எழுதப் புகுந்தாலோ கட்டுரை அவரோடேயே போய்விடும். ஆகவே நம் பொருளுக்கு வேண்டிய அளவே சொல்கிறேன். அவர் காலம்வரை நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் கூரிய ஒலியுடைய திமிரி நாகஸ்வரமே பெருவழக்காயிருந்தது. வாய்ப்பாட்டிலும் பயிற்சி பெற்றிருந்த ராஜரத்தினம் பிள்ளை, குரலின் கனத்தையும் குழைவையும் வாத்தியத்தில் கொண்டுவர விரும்பி, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீண்ட உருவமும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியும் உடைய பாரி நாகஸ்வரத்தைச் செப்பனிடச் செய்தார். முன்பு மூச்சாலும் உதட்டாலும் வலிந்து வரவழைக்க வேண்டியிருந்த சுத்த மத்தியமம் இதில் இயல்பாகவே பேசிற்று. கிராப்பு வைத்துக்கொண்டு, பட்டு ஜிப்பாவும் வைரக்கடுக்கனும் அணிந்து, மேடைமேல் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நிபந்தனை போட்டு, அதைப் பிரபுக்களும் தேவஸ்தானங்களும் ஏற்கும்படி செய்தவரும் அவரே. பல தலைமுறைகளின் தலைகுனிவை ஒரு மனிதர் தம் வித்தையின் பலத்தால் மாற்றிக்காட்டினார் என்பது மிகையன்று.

இதில் ஒரு முரண் உண்டு. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, புறப்பாட்டு இரவுகளின் நீண்ட அவகாசத்தில் உருவான தோடி. ஆனால் தேசம் முழுவதும் அதைப் பரப்பியது, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் இசைத்தட்டு. சென்னையில் 1938-இலும் திருச்சியில் 1939-இலும் வானொலி நிலையங்கள் ஏற்பட்டன. அவரே 1940-இல் காளமேகம் படத்தில் கதாநாயகனாக நடித்தார். வீதியில் வளர்ந்த கலையை மேடைக்கும் யந்திரத்துக்கும் கொண்டுவந்தவர் அவர். மேடையின் கௌரவம் கிடைத்தது. ஆனால் மேடையின் காலவரம்பும் கூடவே வந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள், கூரைக்குக் கீழே, வாய்ப்பாட்டுக்கென்று வகுத்த கச்சேரிக் கிரமத்தில், கோபுரத்துக்கென்று செய்த வாத்தியம் போட்டிபோடவேண்டி வந்தது. அதில் நாகஸ்வரம் தோற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலான சபைகளில் விழாவைத் தொடங்கிவைக்கும் மங்கள இசை என்னும் சிறிய இடத்தோடு அதன் பங்கு முடிந்துவிடுவதை யாரும் பார்க்கலாம்.

இதே காலத்தில் பழைய ஆதாரமும் தளர்ந்தது. குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டே போனதால் மானியங்கள் சிறுத்தன. அற நிலையங்களுக்கான சட்டங்கள் வந்தபின் கோயில் ஊழியம் சம்பள உத்தியோகமாயிற்று. 1963-ஆம் வருஷத்துச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் இனாம் நிலங்களை ரயத்துவாரி முறைக்கு மாற்றிற்று. கல்யாணம் மற்றொரு ஜீவனாதாரம். நாலு நாள் கல்யாணத்தில் ஜானவாச ஊர்வலமும் நலங்கும் ஊஞ்சலும் அவற்றுக்குரிய கச்சேரியுமாக வித்வானுக்கு விரிந்த இடம் இருந்தது. நாலு நாள் ஒன்றாகி, ஒன்று அரைநாளாகிய பிறகு, மிஞ்சியது திருமாங்கல்ய தாரணத்தின் கெட்டிமேளமும் அதற்கு முன்பின் சிறிது நேரமும்தான். பல கோயில்களில் தீபாராதனை வேளையில் மின்சாரத்தால் இயங்கும் மேளமும் மணியும் ஒரு மூலையில் தாமாகவே அடித்துக்கொள்கின்றன. அந்த யந்திரத்துக்கு ராகம் வராது என்பதைவிட, அதற்குச் சம்பளமும் முறையும் வேண்டாம் என்பதே அதை வாங்கியவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கவேண்டும்.

இவ்வளவு சுருக்கத்துக்கு நடுவிலும் மேதைகள் தோன்றாமலில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), 1962-இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து ஆபேரியில் வாசித்ததைச் சங்கீதமே அறியாத வீடுகளும் அறிந்துகொண்டன. ஆந்திர தேசத்துக் கரவடியில் வம்சபரம்பரையாக நாகஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999), தஞ்சாவூர்ப் பாணியின்மேல் கொண்ட மோகத்தால் நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் பயின்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, அரங்கநாதன் சந்நிதியில் வாசித்து, 1998-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட இந்தத் துறையில் மதுரை பொன்னுத்தாய் தம் மூச்சின் வலிமையால் இடம்பிடித்தார். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில், தஞ்சை வித்வான்களை வரவழைத்து உத்ஸவம் நடத்திய கோயில்களின் ஆதரவில் இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களில் தனிப் பரம்பரைகளே ஏற்பட்டன. அங்கிருந்து வந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டுப் பெரிய நாகஸ்வரக்காரர்களுக்கெல்லாம் வாசித்து, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலத்துக்குப்பின் தவிலைத் தனியாகக் கேட்கும் ஆசையை ஜனங்களிடம் மறுபடி கிளப்பினார். உத்ஸவம் நீண்டு நடந்த இடங்களிலேயே இந்தப் பரம்பரைகள் தழைத்தன என்பதைக் கவனிக்கவேண்டும்.

இப்போது அரசாங்க இசைப் பள்ளிகளிலும் தேவஸ்தானங்கள் நடத்தும் பள்ளிகளிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் ஜாதி வரையறையின்றி நாகஸ்வரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. இது பழைய ஏற்பாட்டின் பெரிய அநீதி ஒன்றை நீக்கியிருக்கிறது; இராசராசன் சாசனத்தில் யோக்கியதை என்ற பாதி நின்று, முறை என்ற பாதி விலகிவிட்டது எனலாம். ஆனால் வகுப்பறையில் பாடத்திட்டமும் பரீட்சையும் உண்டு. பரீட்சை எதைச் சோதிக்க முடியுமோ அதையே பாடத்திட்டம் நாடும். வர்ணம் இத்தனை, கீர்த்தனம் இத்தனை, மல்லாரி இத்தனை என்று எண்ணிச் சோதித்துவிடலாம். ஒரு ராகத்தை இரண்டு மணி நேரம் சலிப்பின்றி நடத்திக்கொண்டு போகும் தைரியத்தை அரைமணிப் பரீட்சையில் யார் சோதிப்பது? மாணவனுக்கு அதைக் கற்பிக்கக்கூடிய இடம் இன்றும் உத்ஸவ வீதிதான். அங்கே அனுபவமுள்ள வித்வானின் பக்கத்தில் இரவு முழுவதும் நிற்பதற்கு, பழைய ஒத்துக்காரப் பையனுக்கு இருந்ததுபோல், ஒரு வேலையும் அதற்கு ஒரு கூலியும் அவனுக்கு வேண்டும். பள்ளிகளை நடத்தும் தேவஸ்தானங்களே உத்ஸவங்களையும் நடத்துகின்றனவாதலால், சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டு மாணவன் கையில் ஒத்தைக் கொடுத்து, புறப்பாட்டு இரவுகளுக்கு அவனைச் சம்பளத்தில் அமர்த்துவது அவற்றுக்கு ஆகாத காரியமன்று.

பொழுதுபோக்காக நாகஸ்வரம் கற்கலாமா என்று கேட்கும் இளைஞரும் இக்காலத்தில் உண்டு. உத்தியோகத்தில் இருந்துகொண்டு, வம்சத் தொடர்பு எதுவுமின்றி, ஆசையால் மட்டும் இதை எடுப்பவர்கள் நூறு பேர் தோன்றினால், அவர்களில் ஒருவராவது வித்வானாவாரோ மாட்டாரோ, சீவாளியின் அருமை தெரிந்த நூறு செவிகள் உண்டாகும். இந்த வாத்தியத்துக்கு இதுவரை கிடைக்காத ஆதரவு அது. அவர்களுக்குச் செலவோ குருவோ பெரிய தடையல்ல. நரசிங்கம்பேட்டையில் வாத்தியம் கிடைக்கும்; கற்றுக்கொடுக்கத் தயாராக வித்வான்களும் இருக்கிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் எந்தத் தளத்தில், எந்த அறையில் நின்று துத்தகாரம் ஊதுவது என்பதுதான் அவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ளவேண்டிய பிரச்சினை.